ஆடுகிற மாணவருக்குச் சம்பளம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கியிருக்கின்றன. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: படிக்கப் போன பிள்ளைக்கு எதற்குச் சம்பளம்? நம் ஊரில் கல்லூரிக்காகக் கபடி ஆடும் பையனுக்கு டிபனும் பஸ் சார்ஜும் கிடைத்தாலே பெரிய விஷயம். அமெரிக்காவில் மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

நம் ஊர்க் கல்லூரிக் கபடிக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. அங்கே எடுக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சேப்பாக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் சனிக்கிழமைதோறும் அந்த மாதிரி மைதானங்கள் நிரம்புகின்றன. (நாம் சொல்லும் கால்பந்து வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் ஆட்டம்.) ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 23 வயதுக்குள் இருக்கும் மாணவர்கள்.

டிக்கெட்டைவிடத் தொலைக்காட்சிப் பணம் பெரிது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க 2016-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. 8 ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். ஒரே ஒரு போட்டிக்கு, ஆண்டுக்கு 110 கோடி டாலர்.

இந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கோச்சுகளுக்குப் போனது, நிர்வாகிகளுக்குப் போனது, பளிங்கு பதித்த உடைமாற்றும் அறைகளுக்குப் போனது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச்சை வேலையிலிருந்து நீக்கியது. ஒப்பந்தப்படி மிச்சக் காலத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். நம் கணக்கில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். வேலை செய்யாமல் இருப்பதற்கு ஒருவருக்கு அவ்வளவு தர முடிகிற இடத்தில், முட்டி உடைய ஆடுகிறவனுக்கு மட்டும் ‘நீ மாணவன், பணத்தைத் தொடாதே’ என்று சொல்வது நியாயமே இல்லை. பணம் புரளும் ஆட்டங்களில் ஆடுகிறவர்களுக்குப் பங்கு தரத்தான் வேண்டும்.

‘பணம் புரளும் ஆட்டங்களில்’ என்பதை அழுத்திச் சொல்கிறோம். என்.சி.ஏ.ஏ.வில் சுமார் 1,100 கல்லூரிகளும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் இருக்கிறார்கள். பெரும்பணம் பார்ப்பவை நான்கு பெரிய கூட்டமைப்புகளில் (தங்களுக்குள் ஆடப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த குழுக்கள்) இருக்கும் எழுபதுக்கும் குறைவான பல்கலைக்கழகங்கள்தான். அவற்றிலும் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான் சம்பாதித்துக் கொடுக்கின்றன. நீச்சல், ஓட்டம், டென்னிஸ், மல்யுத்தம் எல்லாம் அந்தச் சம்பாத்தியத்தில் நடப்பவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்க வைக்கிறார்களே, அதுவே சம்பளம்தானே?
– வாசகி, நாகர்கோவில்

ஓரளவுக்குச் சம்பளம்தான். அதன் உள்விவரம் பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது, எல்லோருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கிடைத்ததில்லை. டிவிஷன் 1 எனும் மேல்தட்டில் 2025 வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருந்தார்கள். பெரிய ஃபுட்பால் அணிக்கு 85, ஆண்கள் கூடைப்பந்துக்கு 13. இவை முழு ஸ்காலர்ஷிப்புகள். பேஸ்பாலுக்கு 11.7, அதை முப்பது பேருக்குக் கூறுபோட்டுத் தர வேண்டும். ஆண்கள் டென்னிஸுக்கு 4.5. ‘ஸ்காலர்ஷிப்பில் போயிருக்கிறான்’ என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கு உண்மையில் கால்வாசிக் கட்டணம் மட்டும் தள்ளுபடி ஆகியிருக்கலாம்.

இரண்டாவது, முழு ஸ்காலர்ஷிப் என்பதே நெடுங்காலம் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பாடநூல் ஆகியவற்றோடு நின்றது. ஊருக்குப் போகும் விமானக் கட்டணம், துணி துவைக்கும் காசு, போன் கட்டணம் இதெல்லாம் அதில் சேராது. பல்கலைக்கழகமே தன் இணையதளத்தில் ‘ஓர் ஆண்டு இங்கே படிக்க ஆகும் மொத்தச் செலவு’ என்று போடும் தொகைக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் இடையே ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் இடைவெளி இருந்தது. 2015-இல்தான் பெரிய கூட்டமைப்புகள் அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கின.

மூன்றாவது, நேரம். வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே கணக்கு. பயணம் கணக்கில் வராது. காயத்துக்கு ஐஸ் வைத்துச் சிகிச்சை எடுக்கும் நேரமும் வராது. ‘விருப்பப்பட்டால் வரலாம்’ என்று கோச் சொல்லும் காலைப் பயிற்சியும் வராது. அதற்கு வராதவன் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். எல்லாம் கூட்டினால் முழுநேர வேலையின் அளவுக்கு வந்துவிடும்.

அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது? படிப்பிலிருந்துதான். மதியப் பயிற்சியோடு மோதும் ஆய்வுக்கூட வகுப்பு இருப்பதால் பொறியியலையும் உயிரியலையும் விட்டு, சுலபமான பாடத்துக்கு மாறிய வீரர்கள் ஏராளம். நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் வகுப்பே நடக்காத ‘காகிதப் பாடங்கள்’ 18 ஆண்டுகள் ஓடின. அவற்றில் சேர்ந்த சுமார் 3,100 மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. கூலிக்குப் பதிலாகக் கல்வி என்று சொல்லிவிட்டு அந்தக் கல்வியையும் கலப்படம் செய்தால், கொடுத்த கணக்கில் எதை எழுதுவது?

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக இவர்களைத் தொழிலாளர் என்று யாரும் ஏன் கருதவில்லை?
– வாசகர், திருவெறும்பூர்

கருதிவிடக் கூடாது என்று திட்டமிட்டு ஒரு சொல்லை உருவாக்கினார்கள். ‘மாணவ-விளையாட்டு வீரர்’ என்ற சொல்.

1955-இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். பணியிடத்தில் இறந்த தொழிலாளிக்குரிய இழப்பீட்டை அந்த மனைவி கேட்டார். 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் ஊழியர் அல்லர் என்று மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளுக்கு அரணாகத்தான் அந்தச் சொல்லைப் புகுத்தினோம் என்று, 1951 முதல் 1988 வரை என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்டர் பையர்ஸே பிற்காலத்தில் எழுதினார். ஓய்வுபெற்ற பிறகு அவரே இந்த முறையைக் கடுமையாகச் சாடினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1974-இல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து கை கால் செயலிழந்த டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப்பின் வழக்கும் இதே சுவரில்தான் முட்டியது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் அல்லர் என்றது. இன்றுவரை சம்பளக் கேள்வியின் அடியில் கிடப்பது இந்தக் காயக் கேள்விதான் என்பது எங்கள் எண்ணம். ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் பணத்தோடு விபத்து இழப்பீடு, சங்கம் வைக்கும் உரிமை, குறைந்தபட்சக் கூலி எல்லாம் சேர்ந்து வரும். பல்கலைக்கழகங்கள் அஞ்சுவது அதற்கு.

கேள்வி: பிறகு எப்படி மாறியது? வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

கணினி விளையாட்டில் தொடங்கியது. 1995-இல் யு.சி.எல்.ஏ. அணிக்குக் கூடைப்பந்துச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த எட் ஓபானன், பல ஆண்டுகள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன் உருவத்தைப் பார்த்தார். அதே உயரம், அதே சட்டை எண், அதே இடக்கை வீச்சு. விற்றவர்கள் சம்பாதித்தார்கள், அவருக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார். வீரர்களுக்கு எதுவும் தரக்கூடாது என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசி வைத்திருக்கும் விதி, போட்டியை முடக்கும் கூட்டுச்சதி என்பது வாதம். விலை நிர்ணயத்துக்காக வியாபாரிகள் கூடிப் பேசுவதைத் தடுக்கும் அதே சட்டம்தான் இங்கேயும் ஆயுதம். 2014-இல் கலிஃபோர்னியாவின் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில், வீரருக்குத் தனியே பணம் தரலாம் என்ற பகுதி வெட்டப்பட்டாலும், படிக்க ஆகும் மொத்தச் செலவையும் தரலாம் என்பது நின்றது.

அடுத்தது, முன்னாள் ஃபுட்பால் வீரர் ஆல்ஸ்டன் பெயரிலான வழக்கு. இதிலும் கீழ் நீதிமன்றத்தில் வில்கன்தான். 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வீரர்கள் பக்கம் நின்றார்கள். தீர்ப்பின் நேரடி விளைவு சிறியது: லேப்டாப், மேற்படிப்பு உதவி, படிப்பில் தேறினால் ஆண்டுக்கு 5,980 டாலர் வரை ஊக்கத்தொகை. ஆனால் நீதிபதி கேவனா தனியே எழுதிய பகுதி, வேறெந்தத் தொழிலில் இப்படிச் செய்தாலும் சட்டவிரோதம்தான் என்று வெட்டவெளிச்சமாக்கியது. என்.சி.ஏ.ஏ.வின் முதுகெலும்பு அங்கே உடைந்தது.

அதற்குள் கலிஃபோர்னியா மாநிலம் 2019-இலேயே, தன் பெயரையும் படத்தையும் தோற்றத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் வாங்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று சட்டம் போட்டிருந்தது. என்.ஐ.எல். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். மற்ற மாநிலங்களும் தொடர, 2021 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அனுமதி வந்தது. மூன்றாவதாக, அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ் பெயரிலான வழக்கில் 2025 ஜூன் 6 அன்று சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தவரும் அதே வில்கன். 2016 முதல் ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனி ஆடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு.

கேள்வி: அந்தப் பங்கு ஒரு வீரருக்கு எவ்வளவு வரும்?
– வாசகர், சிங்கப்பூர்

2025-26 ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 175 கோடி ரூபாய். பெரிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்கள் ஒளிபரப்பு, டிக்கெட், ஸ்பான்சர் ஆகியவற்றில் ஈட்டும் சராசரி வருவாயில் 22 விழுக்காடு என்று கணக்குப் போட்டு வந்த எண் இது. கட்டாயம் கிடையாது, குறைவாகவும் தரலாம். புதிதாகச் சேர்க்கும் ஸ்காலர்ஷிப்புகளில் 25 லட்சம் டாலர் வரை இதிலேயே கழியும்.

பிரிப்பது பல்கலைக்கழகத்தின் விருப்பம். பழைய பாக்கியைப் பிரித்த விகிதத்தையே பலர் மாதிரியாகக் கொள்கிறார்கள்: ஃபுட்பாலுக்கு 75, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து 5 விழுக்காடு. முழு வரம்பையும் தரும் இடத்தில் 105 பேர் கொண்ட ஃபுட்பால் அணிக்கு 1.54 கோடி டாலர் போகும். சமமாகப் பிரித்தால் தலைக்கு 1.46 லட்சம். கூடைப்பந்தில் 15 ஆண்களுக்குத் தலைக்கு 2.05 லட்சம், 15 பெண்களுக்குத் தலைக்கு 68,000. மிச்சமிருக்கும் ஐந்து விழுக்காட்டை நீச்சல், ஓட்டம், டென்னிஸ், கைப்பந்து என்று 300 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3,400 டாலர். சமமாகப் பிரிப்பது நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தெறிந்து அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஒருவருக்கே பத்துப் பேர் பங்கு போய்விடும்.

கேள்வி: பெண்களுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பது சட்டப்படி சரியா?
– வாசகி, புதுச்சேரி

தீராத வழக்கு இது. கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாது என்னும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்காலர்ஷிப் பணத்தை ஆண், பெண் வீரர்களின் எண்ணிக்கை விகிதத்தில்தான் தர வேண்டும். வருவாய்ப் பங்கும் ஸ்காலர்ஷிப் மாதிரியான உதவியா, அல்லது சந்தை மதிப்புக்குரிய தொகையா? 2025 ஜனவரியில் பைடன் அரசின் கல்வித் துறை, இதுவும் உதவியே, விகிதம் பார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பிப்ரவரியில் டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பழைய பாக்கி பிரித்த முறையை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் ஜூனிலேயே மேல்முறையீடு செய்தார்கள்.

சந்தை மதிப்பு என்ற வாதம் அரைகுறையானது என்பதே எங்கள் கருத்து. பெண்கள் ஆட்டத்தைப் பல ஆண்டுகள் நல்ல நேரத்தில் ஒளிபரப்பாமல், விளம்பரப்படுத்தாமல் வைத்துவிட்டு, ‘பார்ப்பவர் குறைவு, ஆகவே மதிப்புக் குறைவு’ என்பது, நாற்றுக்குத் தண்ணீர் விடாமல் விளைச்சலைக் குறைசொல்வது போன்றது. 2024-இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய பெண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்கள் அதே ஆண்டின் ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம்.

கேள்வி: ஃபுட்பாலுக்குப் பணத்தைக் கொட்டினால் மற்ற ஆட்டங்களை மூடிவிடுவார்களே?
– உடற்கல்வி ஆசிரியர், தருமபுரி

அந்த அச்சம் நியாயமானது. சம்பளத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதிலேயே வலுவான வாதமும் இதுதான். ஒலிம்பிக்கில் அமெரிக்கா வாங்கும் பதக்கங்களின் நாற்றங்கால் கல்லூரி நீச்சல் குளங்களும் ஓடுதளங்களும்தான்.

சமரசத்தில் ஸ்காலர்ஷிப் வரம்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34, டென்னிஸுக்கு 10. இது இருபுறமும் வெட்டும். 10 டென்னிஸ் வீரர்களுக்கும் முழு ஸ்காலர்ஷிப் தர இப்போது சட்டத் தடை இல்லை. தருவதற்குப் பணம்தான் வேண்டும். மறுபுறம், ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆர்வத்தால் அணியில் ஒட்டிக்கொண்டிருந்த ‘வாக்-ஆன்’ மாணவர்கள் இடமிழந்தார்கள். நீதிபதி அழுத்தம் கொடுத்த பிறகே, அப்படி நீக்கப்பட்டவர்களை வரம்புக்கு வெளியே திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்தது. அதுவும் கட்டாயமில்லை.

ஆனால் சிறிய ஆட்டங்கள் மூடப்படுவதற்கு வீரரின் பங்கைக் காரணம் காட்டும் நிர்வாகி, கோச் சம்பளத்தையும் வெளியேற்றத் தொகையையும் முதலில் மேசையில் வைக்கட்டும்.

கேள்வி: என் மகன் அடுத்த ஆண்டு டிவிஷன் 1 பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடப் போகிறான். இங்கேயே பிறந்தவன். என்.ஐ.எல். ஒப்பந்தம் ஒன்றும் பல்கலைக்கழகத்தின் பங்கு ஒப்பந்தம் ஒன்றும் வந்திருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், அட்லாண்டா

அம்மா, இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். ஒன்று வெளி நிறுவனம் தருவது, மற்றது பல்கலைக்கழகம் தருவது. விதிகள் வேறு.

வெளி நிறுவன ஒப்பந்தத்தின் மதிப்பு 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், கையெழுத்தான 5 வேலை நாட்களுக்குள் ‘என்.ஐ.எல். கோ’ தளத்தில் பதிய வேண்டும். ஒரே நிறுவனத்தின் சிறு தொகைகளைக் கூட்டி 600 தாண்டினாலும் அப்படியே. அங்கே இரண்டைப் பார்ப்பார்கள்: நிறுவனத்துக்கு உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை ஒத்த வீரர்களுக்குக் கிடைக்கும் அளவில் இருக்கிறதா. அணியின் பழைய மாணவர்களும் அபிமானிகளும் சேர்ந்து நடத்தும் ‘கலெக்டிவ்’ அமைப்பிலிருந்து வரும் ஒப்பந்தங்கள் இங்கேதான் சிக்குகின்றன. ஒப்புதல் வரும் முன் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

காலவரையறையைத் தேடுங்கள். ‘என்றென்றைக்கும்’, ‘எல்லா ஊடகங்களிலும்’ படத்தைப் பயன்படுத்தலாம் என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்த சில மாதங்களோடு உரிமையும் முடிய வேண்டும். ‘இந்த வகைப் பொருளில் வேறு எவருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது’ என்ற வரி வந்தால், வகையை ஒடுக்கிச் சொல்ல வையுங்கள். ‘பானம்’ என்று எழுதினால் தண்ணீர் முதல் காபி வரை அடங்கிவிடும். ‘விளையாட்டுப் பானம்’ என்றால் போதும். பல்கலைக்கழக அணியின் ஷூ ஸ்பான்சருக்குப் போட்டியான ஷூவை ஆட்டத்தில் போட முடியாது. சூதாட்டம், மது, புகையிலை விளம்பரங்களைப் பல மாநிலச் சட்டங்களே தடுக்கின்றன.

எதிர்காலச் சம்பாத்தியத்தில் பங்கு கேட்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புளோரிடாவில் ஒரு வீரர் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் வரப்போகும் வருமானத்தில் 15 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தார். பெயர் ‘என்.ஐ.எல். ஒப்பந்தம்’, செயல் கடன். அது நீதிமன்றம் வரை போனது.

ஏஜென்ட் கமிஷனைக் கேளுங்கள். தொழில்முறை ஃபுட்பாலில் வீரர் சங்கம் வைத்த உச்சவரம்பு 3 விழுக்காடு. கல்லூரியில் அப்படி வரம்பில்லாததால் 10 முதல் 20 வரை கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் தானாகத் தரும் பங்கிலும் கமிஷன் எடுக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள்.

பல்கலைக்கழக ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெளியேறும் விதி. மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, புதிய பல்கலைக்கழகம் ஈட்டுத்தொகை கட்ட வேண்டுமா, காயத்தால் ஆட முடியாவிட்டால் மாதத் தொகை நிற்குமா, கோச் மாறினால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் தாளிலேயே விடை இருக்க வேண்டும். கோச் வாய்மொழியாகச் சொன்னது அவர் வேலை மாறும் நாளில் காணாமல் போகும்.

அடுத்தது வரி. மகன் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவார். யாரும் பிடித்தம் செய்ய மாட்டார்கள். செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் தாண்டினாலே 15.3 விழுக்காடு சுயதொழில் வரி, அதற்கு மேல் மத்திய, மாநில வருமான வரி. வரும் ஒவ்வொரு தொகையிலும் 30 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பெரிய தொகையென்றால் இன்னும் கூட்டுங்கள். முன்வரித் தவணைகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. இலவசமாகக் கொடுத்த காரும் ஷூவும்கூட வருமானம்தான். ஏஜென்ட் கமிஷன், ஒப்பந்தத்துக்கான பயணம் ஆகியவற்றின் ரசீதுகளை வைத்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். குடும்ப வருமானம் பார்த்துத் தரும் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், மகனின் இந்த வருமானமும் அங்கே கணக்கில் சேர்ந்து உதவி குறையக்கூடும்.

கேள்வி: நான் சென்னையில் ஜூனியர் டென்னிஸ் ஆடுகிறேன். அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்தால் எனக்கும் இப்படிச் சம்பாதிக்க முடியுமா?
– 12-ஆம் வகுப்பு மாணவி, சென்னை

போவதற்கு வழி நன்றாகவே இருக்கிறது. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். உயரம் தாண்டும் தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் ஸ்டேட்டுக்காக 2018-இலும் 2022-இலும் சாம்பியன். ஸ்காலர்ஷிப் வாங்குவதில் உங்களுக்குத் தடை ஏதுமில்லை.

சம்பாதிப்பதில்தான் தடை. மாணவர் விசாவான எஃப்-1-இல் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே தனி அனுமதியின்றி முடியாது. விளம்பரப் படப்பிடிப்பு, காசுக்குக் கையெழுத்துப் போடுவது, பணம் வாங்கிக்கொண்டு இன்ஸ்டாகிராமில் பதிவு போடுவது எல்லாம் வேலைதான். என்.சி.ஏ.ஏ. அனுமதித்துவிட்டதே என்று செய்தால் விசா போய்விடும். விசா விஷயத்தில் என்.சி.ஏ.ஏ.வின் சொல் செல்லாது. இதனால்தான் கென்டக்கியின் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுக்குப் போயிருந்த நாட்களில் தன் விளம்பர வேலைகளை அமெரிக்காவுக்கு வெளியே வைத்து முடித்துக்கொண்டார். நீங்களும் விடுமுறையில் சென்னை வரும்போது இங்குள்ள நிறுவனத்துக்காக இங்கேயே வேலையை முடிப்பதுதான் ஆபத்துக் குறைந்த வழி. அதையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வருவாய்ப் பங்கு தருகிறோம் என்று பல்கலைக்கழகமே சொன்னாலும், விளையாட்டுத் துறையின் பதில் போதாது. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் பதில் வேண்டும்.

ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வரி உண்டு. எஃப்-1 மாணவரிடம் 14 விழுக்காடு பிடிப்பார்கள். ஆண்டு முடிவில் வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். வருமான வரிப் படிவம் போடும்போது, இந்திய மாணவர்கள் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி நிலையான கழிவைக் கோரலாம். மற்ற பல நாட்டு மாணவர்களுக்கு இல்லாத சலுகை இது. கோராமல் விட்டால் திரும்பி வர வேண்டிய பணம் வராது.

இப்போதே செய்ய வேண்டியவை: 9 முதல் 12 வரையிலான மதிப்பெண் பட்டியல்களைச் சேர்த்து என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்யுங்கள். டிவிஷன் 1-க்கு 16 மையப் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவை) அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். தொழில்முறைப் போட்டிகளில் வாங்கிய பரிசுப்பணம், பயணச் செலவு இரண்டுக்கும் ரசீதோடு ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். தகுதி மையம் கேட்கும். பள்ளி முடித்த பிறகு ஆண்டுக்கணக்கில் போட்டிகளில் சுற்றிவிட்டுப் போனால் கல்லூரியில் ஆடும் ஆண்டுகள் குறைந்துவிடும். டென்னிஸில் இந்தக் கெடு மற்ற ஆட்டங்களைவிடக் குறுகல்.

கேள்வி: ஆட்டத்தில் காலொடிந்தால் யார் செலவு? ஸ்காலர்ஷிப்பும் போய்விடுமா?
– வாசகர், சேலம்

1973 முதல் நெடுங்காலம் ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்குத்தான். கோச்சுக்குப் பிடிக்காவிட்டால் மறு ஆண்டு கிடையாது. 2024 ஆகஸ்ட் 1 முதல் டிவிஷன் 1-இல் காயம், ஆட்டத் திறன் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைக் குறைக்கக் கூடாது. ஆட்டத்தில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவைக் கல்லூரியை விட்ட பிறகும் குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். மூட்டு வலி 35 வயதில்தான் திரும்ப வரும். 2 ஆண்டு போதாது. ஆகவே கல்லூரியை விட்டு வரும்போது முழு மருத்துவப் பரிசோதனை கேட்டு, ஸ்கேன் படங்களோடு அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சங்கம் வைத்துக் கேட்கலாமே?
– தொழிற்சங்க ஊழியர், ஆவடி

முயன்றார்கள். 2014-இல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். 2015-இல் தேசிய வாரியம் இதில் தலையிடப் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். கல்லூரி பேச மறுத்தது. அரசு மாறவிருந்த நிலையில், சாதகமற்ற தீர்ப்பு வந்துவிடும் என்று ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அதே 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், விளையாட்டு வீரர் என்பதாலேயே ஒருவர் ஊழியர் ஆக முடியாது என்று சொல்லிவிட முடியாது என்றது. கதவு முழுதும் சாத்தப்படவில்லை.

சங்கம் இருந்திருந்தால் 22 விழுக்காடு என்ற எண்ணை வீரர்கள் எதிரே உட்கார்ந்து பேசித் தீர்மானித்திருப்பார்கள். தொழில்முறைக் கூடைப்பந்திலும் ஃபுட்பாலிலும் சங்கம் பேசி வாங்கும் பங்கு ஏறக்குறைய பாதி.

கேள்வி: பணப் பேச்சே இல்லாமல், படித்துக்கொண்டே ஆடுகிற கல்லூரிகள் அங்கே இல்லையா?
– வாசகி, காரைக்குடி

நிறைய இருக்கின்றன. டிவிஷன் 3-இல் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள்; வீரர்கள் அதிகம் இருக்கும் பிரிவும் அதுவே. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீகிலும் கிடையாது; புதிய வருவாய்ப் பங்கு ஏற்பாட்டிலும் ஐவி லீக் சேரவில்லை. ஆனால் இந்த மூன்றும் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போது குடும்பத்தின் பணநிலையைப் பார்ப்பதில்லை; சேர்ந்த பிறகு, குடும்பத்தால் கட்ட முடியாத பகுதி முழுவதையும் உதவியாகத் தருகின்றன. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பல டிவிஷன் 1 ஸ்காலர்ஷிப்புகளைவிடப் பெரிய தொகை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி இருக்கிறது. கோச்சுக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பும் முன்பே அதில் குடும்ப வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்.